கூடாரம் அடித்தவரும் சுமந்து நடந்தவர்களும்

டிசெம்பர் பிறந்து பெப்ரவரி முடியும் வரை நுவரெலியாவின் இரவுகள் வேறானவை. மேகமற்ற இரவு கழிந்த விடியலில் புல்வெளிகள் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். கொழுந்து கருகிப் போயிருக்கும். அந்நேரத்தில்தான் ஹோட்டன் சமவெளியைக் காணச் செல்வோரின் வாகனங்கள் பட்டிப்பொலப் பக்கமாக வரிசைகட்டி ஏறுகின்றன. உலக முடிவுப் பாறையை மேகம் மூடுமுன் பார்த்துவிட வேண்டுமென்ற அவசரம் அவர்களுக்கு. திரும்பும் வழியில் பெலிஹுல் ஓயா பாறைகளில் விழுந்து சிதறும் ஓரிடத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். அதற்குப் பேக்கரின் நீர்வீழ்ச்சி என்று பெயர். பேக்கர் யார் என்று அங்கு கேட்போர் குறைவு. கேட்டால் வெள்ளைக்காரத் துரை ஒருவர் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும்.

அந்தத் துரையின் வாழ்க்கையை மலையகத் தமிழர்களாகிய நாம் அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம். நம் மலைகளின் குளிரிலும் மழையிலும் காடு காடாக நடந்து, கூடாரமடித்துத் தங்கி, அதனை நூலாக எழுதி உலகிற்கு அறிவித்தவர்களில் முதன்மையானவர் அவர். அந்த நூல்களின் ஓரங்களில் நம் முன்னோரும் நடந்து போகிறார்கள், பெயரில்லாமல்.

சாமுவேல் வைட் பேக்கர் 1821 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையார் செல்வம் மிக்க வணிகர். ஜமெய்க்காவிலும் மொரீசியசிலும் அவருக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளது உழைப்பில் வளர்ந்த குடும்பங்களில் ஒன்று அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இளைஞர் சாமுவேலுக்குக் கணக்குப் புத்தகம் பிடிக்கவில்லை, துப்பாக்கி பிடித்தது. 1843 இல் ஹென்றியேட்டா மார்ட்டின் என்னும் பாதிரியார் மகளை மணந்தார். அதே நாளில் அவருடைய தம்பி ஜோன் அப்பெண்ணின் சகோதரியை மணந்தார். பின்னர் மொரீசியஸ் சென்று தந்தையின் தோட்டத்தைச் சில காலம் கவனித்த பேக்கர், இலங்கையில் யானை வேட்டை சிறப்பென்று கேள்விப்பட்டு 1840களின் நடுவில் இங்கு வந்து சேர்ந்தார்.

தாழ்நிலக் காடுகளில் ஓராண்டளவு வேட்டையாடித் திரிந்தவரைக் காய்ச்சல் பிடித்தது. நோயாளியாகவே மலையேறினார். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா அக்காலத்தில் ஒரு சிற்றூர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கட்டிய மாளிகையும், நோயுற்ற படைவீரர் தங்கித் தேறுவதற்கான சில கட்டடங்களுமே அங்கு குறிப்பிடத்தக்கவை. அந்தக் குளிர்காற்றில் குறுகிய காலத்திலேயே உடல் தேறியது. இத்தகைய காலநிலையில் ஓர் ஆங்கிலேயக் கிராமத்தையே உருவாக்கினால் என்னவென்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

எண்ணியதை அரைகுறையாகச் செய்யும் மனிதரல்லர் அவர். இங்கிலாந்து திரும்பி, அரசிடம் ஏக்கருக்கு ஒரு பவுண் விலையில் நிலம் பெற்று, கப்பலொன்றை அமர்த்தி, 1848 இல் குடும்பத்தோடும் தம்பியோடும் புறப்பட்டார். பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், குதிரைக்காரர், உழவுக்கருவிகள், உயர்சாதிப் பசுவும் காளையும், செம்மறிக் கடாக்கள், வேட்டை நாய்கள் என ஒரு சிறு ஊரே கப்பலேறியது எனலாம். அதே 1848 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் மாத்தளையில் வரிகளுக்கெதிராகச் சிங்கள விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். மலைநாடு அமைதியாக யாரையோ எதிர்பார்த்துக் காத்திருந்த நாடல்ல.

கொழும்பிலிருந்து நூறு மைலுக்கு மேற்பட்ட அந்த மலைப்பயணத்தைப் பேக்கர் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். குதிரைக்காரர் பெர்க்ஸ் என்பவர் மதுவை விரும்புகிறவர். இறம்பொடைக் கணவாயில் வண்டியைக் கவனமாக ஓட்டிவருமாறு பணிக்கப்பட்ட அவர், வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு, பிழைகள் மலிந்த கடிதமொன்றில் அச்செய்தியை எசமானுக்கு அறிவித்தார். உடைந்த வண்டியை இழுத்துவர யானையொன்று அனுப்பப்பட்டது. பெர்க்ஸ் யானையின் மேலேறிக்கொண்டு குதிரையை விரட்டுவது போல அதனை மலையேற்றத்தில் விரட்டினார். களைத்தபோது பிராந்தியும் தண்ணீரும் கொடுத்தார். யானை இறந்தது. கொழுத்த உயர்சாதிப் பசுவும் ஏற்றம் தாங்காமல் வழியிலேயே மாண்டது.

இதைப் படிக்கையில் நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் வண்டி கவிழ்ந்ததும் யானை விழுந்ததும் சொல்லப்படும் அந்தக் கணவாயில், சாமான்களெல்லாம் எப்படி மேலே போய்ச் சேர்ந்தன என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். மாட்டுவண்டி போக முடிந்த தூரம் வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் மனிதத் தலையும் தோளும். வேறு வழி அன்று இருக்கவில்லை.

குடியேற்றம் எளிதில் கைகூடவில்லை. காடு வெட்டி, வேர் பிடுங்கித் திருத்திய மண் எதிர்பார்த்த வளத்தைத் தரவில்லை. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் விளைந்த வயலில் இரவில் யானையும் மரையும் இறங்கின. கால்நடைகளை நோய் வாரிச் சென்றது. எருவிட்டும் புதைவடிகால் வெட்டியும் மீண்டும் மீண்டும் முயன்றார். சில ஆண்டுகளில் பண்ணை ஓரளவு நிலைபெற்றது. மஹகஸ்தொட்ட என்னும் அந்தத் தோட்டப்பெயர் இன்றும் வழங்குகிறது. நுவரெலியா மரக்கறியின் வரலாற்றைச் சொல்வோர் பேக்கர் சகோதரரிடமிருந்தே தொடங்குவது வழக்கம். அந்த லீக்சையும் கரட்டையும் பின்னாளில் பயிராக்கி, விடியுமுன் கழுவி மூட்டை கட்டிய கைகளின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

பண்ணை ஒருபுறமிருக்க, பேக்கரின் மனம் காட்டில்தான் இருந்தது. நுவரெலியாவைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளும் ஹோட்டன் சமவெளியும் அவருடைய நடைக்களங்கள். 1830களில் இரு ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் கண்டு, அன்றைய ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டிய இச்சமவெளி 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்த புல்நிலம். கிரிகல்பொத்த, தொட்டுப்பொல ஆகிய சிகரங்கள் அதன் ஓரங்களில் எழுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. காற்றின் வேகத்தில் மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை. குடை விரித்தது போலக் குறுகி, பாசி போர்த்து நிற்கும். பகலில் வெயில் சுட்டாலும் இரவில் வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். குளிர்காலத்தில் உறைபனியும் விழும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களிலோ நாட்கணக்கில் மழையும் மூடுபனியும். பத்தடி தொலைவில் நிற்பவர் தெரியமாட்டார்.

இத்தகைய இடத்தில் நாய்க்கூட்டத்தோடு நாட்கணக்கில் தங்கி மரை வேட்டையாடுவதே பேக்கரின் பேரின்பம். துப்பாக்கியைக்கூட அவர் இதற்குப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. நாய்கள் துரத்த, மரை கடைசியில் ஆற்றுப் பாறைகளுக்கிடையே திரும்பி எதிர்த்து நிற்கும். வழுக்கும் பாறையும் கொட்டும் வெள்ளமும் பாராமல் இறங்கி வேட்டைக்கத்தியால் அதனை முடிப்பார். அதற்காக ஒரு நாளில் எத்தனை முகடுகள் ஏறி இறங்கினார், எத்தனை ஓடைகளைக் கடந்தார் என்பதை வாசிக்கும்போது அந்த மனிதரின் உடல்வலிமையையும் துணிவையும் வியக்காமலிருக்க முடியாது. மூடுபனியில் திசை தப்பாமல் நீரோட்டத்தையும் முகட்டையும் கொண்டு வழியறியும் கலையில் அவர் தேர்ந்திருந்தார். தீரமென்றால் தீரமென்றே சொல்ல வேண்டும்.

கூடாரத் தங்கலைப் பற்றியும் அவருக்குத் தெளிவான கொள்கை இருந்தது. காட்டில் துன்பப்படுவது வீரமன்று. அறிவுள்ளவன் காட்டிலும் வசதியாகவே தங்குவான் என்பது அவர் கருத்து. மழை தாங்கும் நல்ல கூடாரம், கட்டில், மேசை, சமையற் பாத்திரங்கள், உணவுப் பொருட்கள், மதுவகை, வெடிமருந்து, நாய்களுக்கு உணவு என்று அவருடைய பயணத்தின் பட்டியல் நீளும். நடுக்கும் குளிரில் ஈர உடையைக் களைந்து உலர்ந்த உடையணிந்து நெருப்பருகே அமர்ந்து சூடான உணவுண்பதன் சுகத்தை அவர் எழுதும்போது நாமும் அந்த நெருப்பருகே அமர்ந்தது போலிருக்கும்.

அந்த மேசையும் கட்டிலும் தாமாக நடந்து வரவில்லை. பேக்கர் தம் நாய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதினார்; அவற்றின் குணம், வீரம், மரணம் ஆகியவற்றை உருக்கத்தோடு எழுதினார். துப்பாக்கி தூக்கி உடன் சென்றவர்களில் ஓரிருவருக்கும் பெயர் கிடைத்தது. சுமை தூக்கியவர்கள் மட்டும் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டனர். அவர்களுடைய இரவு எப்படிக் கழிந்தது? தாளிப்பனை ஓலையோ புல்லோ வேய்ந்த ஒதுக்கு, ஒரு நெருப்பு, ஆளுக்கொரு கம்பளி இருந்தால் அதுவே பெரிது. நனைந்த துணியை மாற்ற இன்னொரு துணி இருந்திருக்குமா? ஒரே மலை, ஒரே மழை, ஒரே இரவுதான். ஆனால் கூடாரத்தின் உள்ளே ஒரு காலநிலையும் வெளியே இன்னொரு காலநிலையும் இருந்தன.

அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்வோம். பேக்கர் நுவரெலியாவில் பண்ணை அமைத்த அதே ஆண்டுகளில்தான் கோப்பித் தோட்டங்களுக்காக இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தனர். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே மலைநாட்டை அடைந்தனர். நூற்றைம்பது மைல் அளவிலான அந்த வழியில் குடிநீர் அரிது. வாந்திபேதியும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் கூடவே நடந்தன. விழுந்தவரைக் கூட்டம் விட்டுவிட்டுப் போனது. 1840களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் இவ்வாறு வழியிலும் தோட்டத்திலுமாக மாண்டனரென்று 1849 இல் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அந்த எண் மிகையென்போரும் உண்டு. சாவு பெருந்தொகையென்பதை மறுப்போர் இல்லை. வறண்ட சமவெளியில் பிறந்து வளர்ந்து, மெல்லிய பருத்தித் துணியோடு வந்த உடல்கள் அவை. பேக்கருக்கு மருந்தாக அமைந்த மலைக்குளிர் அவர்களில் பலருக்கு எமனாக அமைந்தது.

அவர்களும் மலையில் நடந்தவர்கள்தாம். கடுங்குளிரில் காட்டில் படுத்துறங்கியவர்கள்தாம். அதை வீரப்பயணமென்று எழுதிவைக்க ஒருவரும் இருக்கவில்லை.

தாம் நடந்த மலை மனிதவாடையற்ற கன்னிநிலம் என்ற எண்ணம் அக்காலத்து ஆங்கிலேயரிடம் பொதுவாக இருந்தது. பேக்கரோ கூர்ந்த பார்வையுடையவர். நுவரெலியாவைச் சுற்றி இரத்தினக்கல் தேடித் தோண்டிய பழைய குழிகளையும் முன்னோர் வெட்டிய நீர்க்கால்களின் தடங்களையும் அவரே கண்டு எழுதினார். அப்படியானால் அந்த மக்கள் எங்கே போயினர்? 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியபோது ஊவாவிலும் வலப்பனையிலும் ஊர்களும் வயல்களும் எரிக்கப்பட்டதையும், உரிமைப்பத்திரம் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதென்று 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்ததையும் சேர்த்துப் பார்த்தால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும். ஏக்கர் ஒரு பவுணுக்கு விற்கப்பட்ட நிலம் அவ்வாறு விற்பனைக்கு வந்ததே. சிங்களக் கிராமத்தவர் இழந்த நிலத்தில், தமிழகத்தில் நிலமற்றவர் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கப் பழகியது பின்னாளையத் துயரம்.

வேட்டையின் கணக்கும் சிறிதன்று. பேக்கருக்கு முன்னர் மேஜர் ரோஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845 ஜூனில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லையென்று உள்ளூரில் கதை உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அரசே யானைக்குத் தலைக்கு இத்தனை என்று சன்மானம் கொடுத்த காலம் அது. 1840களின் பிற்பகுதியில் மூன்று ஆண்டுகளுக்குள் வடமாகாணத்தில் மட்டும் 3,500 யானைகளும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். இதில் பேக்கரை மட்டும் குற்றவாளிக் கூண்டிலேற்றுவது நியாயமாகாது. ஆயினும் அந்தக் கொலையை உயர்குடியின் விளையாட்டாகப் பலரை மயக்கும் வண்ணம் எழுதிய பேனா அவருடையது.

1850களின் நடுப்பகுதியில் வெளிவந்த அவருடைய இரு இலங்கை நூல்களும், ஒன்று வேட்டை பற்றியது, மற்றது எட்டாண்டு அலைவுகள் பற்றியது, இங்கிலாந்தில் பெரிதும் வாசிக்கப்பட்டன. ஆனால் மலையின் நலவாழ்வும் அவருக்கு நீடிக்கவில்லை. குழந்தைகளை இழந்த துயரமும் மீண்டும் பற்றிய காய்ச்சலும் சேர, 1855 இல் குடும்பத்தோடு இலங்கையை விட்டு நீங்கினார். அவ்வாண்டு முடியுமுன்னரே, பிரான்சின் பிரனீஸ் மலையடிவாரத்தில் மனைவி ஹென்றியேட்டா காய்ச்சலால் இறந்தார். நான்கு பெண் குழந்தைகளையும் தம் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு, பேக்கர் மீண்டும் நாடோடியானார்.

பின்னைய கதை உலகறிந்தது, சுருக்கமாகச் சொல்லலாம். 1859 இல் தன்யூப் நதிக்கரையிலுள்ள விடின் நகரின் அடிமைச் சந்தையில் கண்ட ஃபுளோரன்ஸ் என்னும் இளம்பெண்ணை மீட்டுத் துணையாக்கிக்கொண்டார். அவளோடு நைல் நதியின் பிறப்பிடம் தேடிச் சென்று, 1864 மார்ச் 14 ஆம் திகதி, அங்குள்ள மக்கள் முவிட்டன்சிகே என்றழைத்த பேரேரியை அடைந்து அதற்கு அல்பேர்ட் என்று பெயரிட்டார். 1866 இல் சேர் பட்டம் கிடைத்தது. ஃபுளோரன்சை மட்டும் விக்டோரியா மகாராணி தம் அவையில் ஏற்கவில்லை. 1869 முதல் 1873 வரை எகிப்திய ஆட்சியாளரின் சார்பில் மேல்நைல் பிரதேசத்தில் அடிமை வாணிபத்தை ஒடுக்கும் படைக்குத் தலைமை தாங்கினார். அடிமைச் சங்கிலியை அங்கே கண்டு கொதித்த கண்களுக்கு, கடனாலும் கங்காணியாலும் கட்டப்பட்டிருந்த மலைநாட்டுக் கூலிகளின் நிலை உறுத்தவில்லை என்றே நாம் கருதவேண்டியிருக்கிறது. ஒருவேளை தம் கூடாரத்துக்கு மிக அருகில் இருந்ததாலேயே தெரியாமற் போயிருக்கலாம். 1893 டிசெம்பர் 30 ஆம் திகதி இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார்.

அவர் நீங்கிய பின் மலை வேகமாக மாறியது. 1869 இல் கோப்பியைத் துருநோய் பிடித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை, கோப்பி விட்டுச்சென்ற இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்தது. பேக்கர் நாய்களோடு ஓடிய சரிவுகள் பச்சைக் கம்பளமாயின. 1873 இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டை விற்பதற்குத் தடை விதிக்கப்பட்டதாலேயே ஹோட்டன் சமவெளியும் அதன் ஆறுகளின் ஊற்றுக்கண்களும் தப்பின. யானைகள் தப்பவில்லை, சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே அவை அச்சமவெளியிலிருந்து மறைந்துவிட்டன. 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்நிலம், 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பேக்கரின் கத்திக்கு அஞ்சி ஓடிய மரையின் வழித்தோன்றல்கள் இன்று பயணிகளின் கையிலிருக்கும் பைகளை நோக்கித் தயக்கமின்றி வருகின்றன.

சுமந்து நடந்தவர்களின் வழித்தோன்றல்களோ அதே குளிரில், இன்னமும் பெரும்பாலும் லயன் அறைகளில் வாழ்கின்றனர். உறைபனி விழுந்த காலையில் கொழுந்து கருகினால் பெயர் போடப்படும் நாட்கள் குறைகின்றன. தகரக் கூரையில் படிந்த பனி உருகிச் சொட்டும் ஓசையோடு அவர்களுடைய பொழுது விடிகிறது. குளிர்காலச் சுற்றுலாவுக்கென்று மலைச்சரிவுகளில் இப்போது கூடாரங்கள் முளைக்கின்றன. அவற்றுக்கு விறகும் தண்ணீரும் சுமப்பவர்களில் தோட்டத்து இளைஞர்களும் உண்டு.

2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் இடம்பெற்றது. ஜூலை 28 ஆம் திகதி புறப்பட்டவர்கள் முன்னோர் நடந்த வழியில் பதினாறு நாட்கள் நடந்து ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்தனர். வழிநெடுகத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தனர்.

பேக்கரின் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் பாதை செங்குத்தானது, மழைநாளில் வழுக்கும். கீழே போனால் நீரின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அங்கே இருப்பது அவர் பெயர் மட்டுமே.